உப்பு போற வழியும் பித்தக்குழாயும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமா சி.எஃப்.) பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன், உடம்புல உப்பு போய்வர்ற ஒரு வழி பிறவியிலேயே சரியா அமையாம சளியும் சுரப்பு நீரும் கெட்டியாகிற நோய்னு, அவ்ளோதான். அதுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்தே இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. அதனால இந்த மாசம் சுகர், மூட்டுவலி எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு முழுசா இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு பாதிப்பேர் கேட்டிருக்காங்க, அதனால எல்லாருக்குமே ஊர் மட்டும் போடறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு ஆறு வயசு. அடிக்கடி நெஞ்சுச் சளி வந்து வேலூர் கூட்டிட்டுப் போனோம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு சொல்லிட்டாங்க. இப்ப ஈரலுக்கு ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்றாங்க. அவனுக்கு மஞ்சக்காமாலை கூட வந்ததில்ல சார். சளிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்விம்மா, ஓ.பி. கூட்டத்துல எந்த டாக்டருக்கும் இதை உக்காந்து சொல்ல நேரம் இருக்காது. முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கோங்க, இது நுரையீரல் நோய் இல்ல, நுரையீரல்ல சத்தமா தெரியிற நோய். 7ஆம் குரோமோசோம்ல சி.எஃப்.டி.ஆர்.னு ஒரு ஜீன் இருக்கு, 1989ல லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ்னு மூணு பேரோட குழுக்கள் சேர்ந்து கண்டுபிடிச்சது. அந்த ஜீன் சொல்றபடி செல்லு ஒரு புரதம் செய்யும், 1480 அமினோ அமிலம் கோத்த பெரிய புரதம், அது செல்லோட சவ்வுல போய் உக்காந்து குளோரைடு போறதுக்கும் பைகார்பனேட் போறதுக்கும் வழி விடும். உப்பு போனா பின்னாடியே தண்ணி போகும். இந்த புரதம் மூச்சுக்குழாய்ல மட்டும் இல்ல, கணையத்துல, குடல்ல, வேர்வைச் சுரப்பியில, ஆம்பளைங்களோட விந்துக்குழாய்ல, பித்தக்குழாய்லன்னு உள்ள ஈரமா இருக்க வேண்டிய குழாய் எங்கெங்க இருக்கோ ஏறக்குறைய அங்கெல்லாம் இருக்கு.

ஈரல் விஷயத்துல பலபேருக்கு தெரியாத ஒண்ணு என்னன்னா, ஈரலோட பெரும்பகுதியா இருக்கிற செல்லு, அதாவது பித்தத்தை தயார் பண்ற செல்லு, அதுல இந்த சி.எஃப்.டி.ஆர். கிடையாது. அந்த பித்தத்தை கொண்டு போற நுணுக்கமான குழாய்களோட உள்பக்கம் ஒரு வரிசை செல்லு இருக்கும், கோலாஞ்சியோசைட்னு பேரு, ஈரல் செல்லுங்கள்ல 100க்கு 3லிருந்து 5 தான் அது, அங்கதான் இருக்கு. நாம சாப்பிட்டதும் வயித்துப் புளிப்பு சிறுகுடலுக்கு இறங்கும்போது செக்ரடின்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல கலக்கும் (1902ல உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்ச ஹார்மோன் அதுதான்), அது வந்து இந்த குழாய் செல்லுகிட்ட சொன்னதும் உள்ள சைக்ளிக் ஏ.எம்.பி.ன்னு சேதி கடத்துற ஒரு பொருள் ஏறும், சி.எஃப்.டி.ஆர். திறக்கும், குளோரைடு குழாய்க்குள்ள போகும், அந்த குளோரைடை திரும்ப வாங்கிட்டு பைகார்பனேட்டை வெளிய தர்றதுக்கு பக்கத்துலயே இன்னொரு புரதம் இருக்கு, தண்ணி அக்வாபோரின்ற தண்ணிக்கான புரத வழியா பின்னாடி வரும். இப்படித்தான் பித்தம் தண்ணியா, காரத்தன்மையோட ஓடுது. பையனுக்கு இந்த கட்டம் வேலை செய்யல. பித்தம் கெட்டியாகி சின்னச்சின்ன கிளைக்குழாய்ல அங்கங்க அடைச்சு நிக்கும், பித்த உப்பு சோப்பு மாதிரி அரிக்கிற பொருள், தேங்கி நின்னா குழாய்ச் சுவர் புண்ணாகும், சுத்தி தழும்பு கட்டும்.

அங்கங்கன்னு சொன்னேன் பாருங்க, அதான் முக்கியம். ஈரல்ல ஒரு பக்கம் தழும்பு, பக்கத்துலயே நல்லா இருக்கிற பகுதி, அதனாலதான் காமாலை வராம, ரத்தத்துல ஈரல் டெஸ்ட்டும் நார்மலாவே காட்டிட்டு இருக்கலாம், அதனாலதான் ஸ்கேன். சி.எஃப். இருக்கறவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு அளவுல ஈரல் மாற்றம் தெரியும், ஆனா மண்ணீரல் பெருத்து ரத்த வாந்தி எடுக்கிற அளவுக்கு போறது 100ல 5லிருந்து 10 பேர், அதுவும் பெரும்பாலும் சின்ன வயசுலயும் பத்து வயசை ஒட்டியுமே தெரிஞ்சிடும். பையனோட வயசு கவனிக்க வேண்டிய வயசு, பயப்பட வேண்டிய வயசு இல்ல. வருஷா வருஷம் ஸ்கேன், ஈரல் டெஸ்ட், பிளேட்லெட் எண்ணிக்கை பாக்கச் சொல்லுவாங்க, பிளேட்லெட் மெதுவா இறங்கிட்டே வந்தா மண்ணீரல் பெருக்குதுன்னு ஒரு குறிப்பு. ஸ்கேன்ல பித்தப்பை ரொம்ப சின்னதா இருக்குன்னு எழுதியிருந்தா பதறாதீங்க, சி.எஃப். பிள்ளைங்கள்ல அது சகஜம்.

தர்மபுரியிலிருந்து பி.எஸ்சி. விலங்கியல் மாணவி: சார், செல்லுக்குள்ள உப்பு, சர்க்கரை எல்லாம் போகும்போது கூடவே தண்ணியும் போகுமில்லையா, அப்ப செல்லு ஊதிட்டே போய் வெடிச்சிடாதா? அதை தடுக்கிறது எது? சி.எஃப்.ல அந்த வேலையும் கெடுமா?

வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதாம்மா, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், அவசரத்துல இருக்கறவங்க அடுத்த கேள்விக்கு தாவிக்கலாம்.

மாங்காயை நறுக்கி உப்பு போட்டு ஜாடியில வெச்சா மறுநாள் தண்ணி விட்டு நிக்குதுல்ல, உப்பு எங்க அதிகமோ தண்ணி அங்க போகும், செல்லுக்கும் அதே விதிதான். மாங்காய் செல்லை சுத்தி கெட்டியான சுவர் இருக்கு, மிருக செல்லுக்கு அது இல்ல, வெறும் கொழுப்புச் சவ்வு. அதனால மிருக செல்லு தன்னோட கன அளவை நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு பண்ணிட்டே இருக்கணும். சாதாரண நாள்ல இந்த வேலையை பாக்கறது சோடியம்-பொட்டாசியம் பம்ப், 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள எடுக்கும், செல்லோட எரிபொருளான ஏ.டி.பி.யை செலவு பண்ணி. அதனாலதான் செல்லுக்குள்ள பொட்டாசியம் 140 மில்லிமோல் பக்கமும், வெளிய ரத்தத்துல 4 பக்கமும் இருக்கு. இந்த வித்தியாசம்தான் சேமிப்பு, தேவைப்படும்போது இதை எடுத்து செலவு பண்ணும்.

எப்ப தேவைப்படும்? பித்தக்குழாய் செல்லை எடுத்துக்கோ. பித்தத்துல ஓடுற குளுக்கோஸை அது வீணாக்காம திரும்ப உள்ள உறிஞ்சும், கொஞ்சம் பித்த உப்பையும் உறிஞ்சும், இதெல்லாம் சோடியத்தோட சேந்துதான் உள்ள வரும். வந்ததும் செல்லு ஊதும். ஊதின உடனே சவ்வுல இருக்கிற பொட்டாசியம் சேனலும் குளோரைடு சேனலும் (சேனல்னா அது போற புரத வழி) திறக்கும், ரெண்டும் வெளிய போகும், கூடவே தண்ணி போகும், சில நிமிஷத்துல பழைய சைஸுக்கு வந்துடும். இதுக்கு ரெகுலேட்டரி வால்யூம் டிக்ரீஸ்னு பேரு, சுருக்கமா ஆர்.வி.டி., உன் பாடப் புத்தகத்துல ஒரு பத்தி இருக்கும், இல்லன்னா லைப்ரரியில உடலியங்கியல் புத்தகத்தை பாரு.

ஊதினது செல்லுக்கு எப்படி தெரியும்னு கேப்ப. பித்தக்குழாய் செல்லு ஊதினதும் கொஞ்சம் ஏ.டி.பி.யை வெளிய விடும், ஆமா, எரிபொருள்னு படிச்ச அதே ஏ.டி.பி.தான், இங்க அது தூதா வேலை பாக்குது. அது செல்லோட வெளிப்பக்கம் இருக்கிற பி2 ரிசெப்டர்ன்ற சேதி வாங்குற புரதத்துல ஒட்டும், உள்ள கால்சியம் ஏறும், பொட்டாசியம் சேனலுங்க திறக்கும், டி.எம்.இ.எம்.16ஏன்னு ஒரு குளோரைடு சேனலும் திறக்கும். அது போக ஊதினா மட்டும் திறக்கிற தனி குளோரைடு சேனல் ஒண்ணு ஏறக்குறைய எல்லா செல்லுலயும் இருக்குன்னு ரொம்ப வருஷமா தெரியும், ஆனா அது எந்த புரதம்னு பிடிபடாமலே இருந்துச்சு, 2014லதான் அமெரிக்காவுல ஒரு குழுவும் பெர்லின்ல ஒரு குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்துல எல்.ஆர்.ஆர்.சி.8ஏன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த அமெரிக்கக் குழுவை நடத்தின ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ல நோபல் வாங்கினார், ஆனா இதுக்காக இல்ல, தொடு உணர்ச்சி சேனலுக்காக. (என்னைக் கேட்டா இதுக்கும் பாதி கொடுத்திருக்கலாம்.)

இப்ப சி.எஃப்.க்கு வருவோம். சி.எஃப்.டி.ஆர். குளோரைடு வழி, அது இல்லன்னா குளோரைடு வெளிய போகாது, அதனால செல்லு திரும்ப சுருங்காது, இப்படித்தானே யோசிப்போம்? நானும் வகுப்புல கேட்டா பசங்க அதைத்தான் சொல்லுவாங்க. சி.எஃப்.டி.ஆர். ஜீனை நீக்கின எலியோட ஈரல்ல இருந்து பித்தக்குழாய் செல்லுங்களை அப்படியே புதுசா பிரிச்சு எடுத்து, உப்பு கம்மியான கரைசல்ல போட்டு, மைக்ராஸ்கோப்புல சைஸை அளந்து பாத்தாங்க. சாதா எலியோட செல்லு ஊதி, அப்புறம் தானா சுருங்குச்சு. சி.எஃப். எலியோட செல்லு ஊதினது ஊதினபடியே நின்னுச்சு. இதுவரைக்கும் நாம நினைச்சபடிதான். அடுத்து அந்த கரைசல்ல வாலினோமைசின் சேத்தாங்க, அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்யிற ஒரு பொருள், சவ்வு வழியா பொட்டாசியத்தை மட்டும் தூக்கிட்டு போய் வெளிய விடும், குளோரைடை தொடவே தொடாது. சேத்ததும் சி.எஃப். செல்லும் சுருங்கிடுச்சு!

யோசிச்சு பாரு. பொட்டாசியத்துக்கு மட்டும் வழி பண்ணி கொடுத்தா செல்லு சுருங்குதுன்னா, குளோரைடு போறதுக்கு வேற வழி அங்க இருந்துட்டுதான் இருக்கு, மாட்டிக்கிட்டது பொட்டாசியம். பொட்டாசியம் பிளஸ், குளோரைடு மைனஸ், ஒண்ணு மட்டும் தனியா போக முடியாது, போனா சவ்வோட மின்னழுத்தம் மாறி அதுவே அடுத்ததை இழுத்து நிறுத்திடும், ரெண்டும் சேந்து போனாத்தான் தண்ணி போகும். ஆக சி.எஃப்.டி.ஆர். தன் வழியை திறந்து மூடறது மட்டும் இல்ல, பொட்டாசியம் சேனல் ஒழுங்கா திறக்கறதுக்கும் அது அங்க இருக்கணும். ஊதின செல்லு ஏ.டி.பி.யை வெளிய விடறதுலயும் அதுக்கு பங்கு இருக்குன்னு எலி செல்லுல காட்டியிருக்காங்க, அந்த தூது குறைஞ்சா அடுத்தடுத்த சேனலுக்கெல்லாம் சேதி போகாது.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது இதான்: செல்லு தன் சைஸை குறைக்கறதும் பித்தத்துக்குள்ள உப்பும் தண்ணியும் சுரக்கறதும் ரெண்டு தனித்தனி வேலையே இல்ல. அதே சேனல், அதே பொட்டாசியம், அதே குளோரைடு. தண்ணியை வெளிய விடத் தெரியாத செல்லு பித்தத்தையும் இளக்காது. சி.எஃப்.டி.ஆர்.ன்னா ஒரு குளோரைடு ஓட்டை, அது அடைச்சுப்போச்சு, அவ்ளோதான்னு சுருக்கி சொல்றவங்க (பெரிய பெரிய டாக்டருங்களும் சொல்றாங்க) பாதி கதையை விட்டுடறாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, எலி மனுஷன் இல்ல. சி.எஃப். எலிகளுக்கு குடல் அடைப்பு வரும், ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு வர்ற மாதிரி ஈரல் தழும்பு தானா அவ்ளோ சுலபத்துல வராது. அந்த எலிக்கு குடல்ல புண் உண்டாக்கினா மட்டும் பித்தக்குழாயை சுத்தி வீக்கம் வருது, குடல்ல இருந்து பாக்டீரியா கழிவு ரத்தத்தோட ஈரலுக்கு ஏறி வர்றதால. அதனால சுரப்பு கெட்டது ஒரு பாதி, அந்த கெட்ட குழாய் வீக்கத்துக்கு சீக்கிரம் ஆளாகறது இன்னொரு பாதின்னு இப்ப பாக்கறாங்க.

காரிமங்கலம் வாசகர்: எங்க பக்கம் போர் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, பல்லெல்லாம் காவி அடிச்சு கிடக்கு. இந்த நோயும் அதனாலதானே?

இல்லங்க. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பிடிக்கும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டு வந்தாங்க, அந்த தண்ணி வந்தா அதையே குடிங்க, போர் தண்ணியை புழக்கத்துக்கு வெச்சிக்கோங்க. ஆனா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தண்ணியால, காத்தால, சாப்பாட்டால வர்றதில்ல, தொத்தறதும் இல்ல. கரு உருவாகும்போதே முடிவானது.

பென்னாகரத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தி எழுதி அனுப்பியது: என் மகளை என் தம்பிக்கே கட்டிக் கொடுத்தோம். முதல் பேரன் இந்த நோயில இருக்கான். சொந்தத்துல கட்டினதாலன்னு ஊர்ல பேசறாங்க. என் மக மேல குறையா, தம்பி மேல குறையா? அடுத்த குழந்தை பெத்துக்கலாமா?

பாட்டி, யார் மேலயும் குறை இல்ல, ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒவ்வொரு பிரதி வந்திருக்கு, ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்திருந்தா பேரனுக்கு நோயே இருந்திருக்காது. எல்லாருக்கும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு ரெண்டு இருக்கும், உங்க மகளுக்கும் தம்பிக்கும் ஒண்ணு நல்லது ஒண்ணு மாறினது, நல்லது ஒண்ணே போதும்ன்றதால அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. தாய்மாமன்ன்றப்போ உங்க அப்பா அம்மா வழியா அதே மாறின பிரதி ரெண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு கூடுதல், அதை நான் மறைக்க மாட்டேன், நம்ம பக்கம் மாமன், அத்தை மகன்னு கட்டறது வழக்கம்ன்றதால இந்த மாதிரி நோய்ங்களுக்கெல்லாம் அது பொருந்தும். ஆனா அசலூர்ல கட்டினவங்களுக்கும் இது வருது, ஐரோப்பாவுல சொந்தத்துல கட்டாத சனங்கள்லதான் இந்த நோய் அதிகமே.

அடுத்த குழந்தைன்னா, ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சிக்கறாங்க, ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணு தப்பிச்சிடும்னு கணக்கு போடறாங்க, அப்படி இல்ல, ஒவ்வொரு கருவுக்கும் திரும்ப முதல்ல இருந்து அதே நாலுல ஒண்ணு. பேரனுக்கு எந்த மாற்றம்னு ஜீன் டெஸ்ட்ல தெரிஞ்சிருந்தா, மக அடுத்து உண்டாகும்போது 11லிருந்து 13 வாரத்துல நஞ்சுக்கொடியில இருந்து துளி எடுத்து பாக்கலாம். அதனால உண்டாகறதுக்கு முன்னாடியே பேரனோட ரிப்போர்ட்டை தயாரா வெச்சிக்கிட்டு ஜெனடிக்ஸ் டாக்டரை பாருங்க, உண்டானதுக்கு அப்புறம் ஓடினா ரிசல்ட் வர்றதுக்குள்ள வாரம் தாண்டிடும். இதுக்கு நடுவுல மகளை குத்திப் பேசறவங்க வாயை நீங்கதான் அடைக்கணும், பாட்டி சொன்னா எடுபடும்.

ஊத்தங்கரை வாசகர்: எங்க அண்ணன் குழந்தைக்கு வேர்வை டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க. ரத்தத்துல தெரியாததா வேர்வையில தெரியப் போகுது?

தெரியும், இன்னிக்கும் அதுதான் உறுதி பண்ற டெஸ்ட். முன்கையில பைலோகார்பைன் மருந்தை வெச்சு லேசா கரண்ட் விடுவாங்க, லேசா சுரீர்னு இருக்கும், பெரிய வலி கிடையாது, அந்த இடம் வேர்க்கும், அரை மணி நேரம் சேத்து குளோரைடு அளப்பாங்க. லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதுக்கு மேலயோ இருந்தா சி.எஃப்., 30க்கு கீழன்னா பெரும்பாலும் இல்ல, நடுவுல வந்தா திரும்ப பாக்கணும், ஜீன் டெஸ்ட்டும் வேணும்.

இதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. 1948ல நியூயார்க்ல வெயில் கொளுத்தினப்போ ஆஸ்பத்திரிக்கு சுருண்டு வந்து விழுந்த குழந்தைங்கள்ல சி.எஃப். பிள்ளைங்க நிறைய இருந்தாங்க, அதை கவனிச்ச பால் டி சான்ட் ஆக்னீஸ்ன்ற டாக்டர் அவங்க வேர்வையில உப்பு அதிகமா போகுதுன்னு 1953ல காட்டினார். ஏன்னு புரிய இன்னும் 30 வருஷம் ஆச்சு, 1983ல பால் குவின்டன்னு ஒருத்தர் வேர்வைக் குழாய் சவ்வு குளோரைடை உள்ள விட மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சார், அவருக்கே அந்த நோய் இருந்துச்சு. பித்தக்குழாய்ல சி.எஃப்.டி.ஆர். உப்பை வெளிய விடற வழி, வேர்வைக் குழாய்ல அதே சி.எஃப்.டி.ஆர். உப்பை உடம்புக்கு திரும்ப எடுத்துக்கற வழி, வழி ஒண்ணுதான், போற திசை இடத்துக்கு தகுந்த மாதிரி. அதனாலதான் இங்க பித்தம் கெட்டியாகுது, அங்க வேர்வை உப்பாகுது.

இது நம்ம ஊர் வெயிலுக்கு விளையாட்டு விஷயம் இல்ல. சித்திரை, வைகாசியில சி.எஃப். குழந்தைக்கு வேர்வையிலயே சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் இறங்கி, ரத்தத்துல காரத்தன்மை கூடி, வாந்தி எடுத்து துவண்டு போயிடும், நோயே இப்படித்தான் முதல்ல வெளிய வர்றது நம்மள மாதிரி வெயில் நாட்டுல உண்டு. கொஞ்சினா கன்னம் உப்புக் கரிக்குதுன்னு அம்மாவே சொல்லுவாங்க, அந்த பேச்சை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சிரிக்க மாட்டாங்க. நோய் உறுதியான பிள்ளைங்களுக்கு தினம் எவ்ளோ உப்பு கூட கொடுக்கணும்னு எடைக்கு தகுந்த மாதிரி டாக்டர் எழுதிக் கொடுப்பாங்க, மத்தவங்களுக்கு உப்பை குறைன்னு நான் எழுதறதை இந்த பிள்ளைங்களுக்கு பொருத்தி பாக்காதீங்க.

ஓசூர் வாசகர், கம்பெனியில வேலை: யூடியூப்ல டிரிகாஃப்டான்னு ஒரு மாத்திரை பத்தி பாத்தேன், மொத்தமா குணமாயிடும்ன்றாங்க. ஈரலும் சரியாகுமா? இங்க கிடைக்குமா?

மொத்தமா குணம்ன்றது யூடியூப் கணக்கு. நல்ல மருந்துதான், அதுல சந்தேகம் இல்ல. முதல்ல 2012ல ஐவாகாஃப்டர் வந்துச்சு, சவ்வுல போய் உக்காந்தும் திறக்காத சி.எஃப்.டி.ஆரை திறந்து வைக்கிறது. 2019 அக்டோபர்ல அதோட எலெக்ஸாகாஃப்டர், டெஸாகாஃப்டர் சேத்து மூணும் ஒண்ணா அமெரிக்காவுல அனுமதி வாங்கினதுதான் டிரிகாஃப்டா, இது 508ஆவது இடத்துல ஒரு அமினோ அமிலம் விட்டுப்போய் ஒழுங்கா மடியாத புரதத்தை மடிய வெச்சு சவ்வு வரைக்கும் கொண்டு வந்து சேக்கும். முதல்ல 12 வயசுக்கு மேல, அப்புறம் 6, இப்ப 2 வயசுல இருந்தே கொடுக்கறாங்க. நம்ம நாட்டுல அந்த 508 மாற்றத்தோட பங்கு ஐரோப்பா அளவுக்கு இல்ல, வேற வேற மாற்றம் நிறைய, புரதமே உருவாகாத மாற்றம்னா இந்த மருந்துக்கு பிடிச்சு மடிக்க ஒண்ணுமே இருக்காது. அதனால குழந்தையோட ஜீன் ரிப்போர்ட் பாக்காம மருந்தைப் பத்தி பேசறதே வீண். விலையும் கேட்டுக்கோங்க, அமெரிக்காவுல வந்தப்போ வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல போட்டாங்க. உயிர் காக்கிற மருந்துக்கு இந்த விலை வெக்கறவங்களை நான் பாராட்ட மாட்டேன்.

ஈரலுக்கு வருவோம். நுரையீரல்ல தெரியிற முன்னேற்றம் மாதிரி ஈரல்ல இன்னும் தெளிவா தெரியல, ஏற்கனவே கட்டின தழும்பு கரையாது, அது போக இந்த மாத்திரையே சிலருக்கு ஈரல் என்சைமை ஏத்தி விடும், அதனால ஆரம்பிக்கும் முன்னாடியும் அப்புறமும் ரத்த டெஸ்ட் கட்டாயம், ஈரல் ரொம்ப கெட்டிருந்தா கொடுக்கவே மாட்டாங்க. பழைய மருந்து அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம், அதை நிறைய இடத்துல எழுதிக் கொடுக்கறாங்க, பித்தத்தை இளக்கும், ரத்தத்துல நம்பர் இறங்கும், ஆனா தழும்பு கட்டறதை தடுக்குதுன்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. டாக்டர் கொடுத்திருந்தா நிறுத்தாதீங்க, நானா வாங்கி கொடுக்கறேன்னும் கிளம்பாதீங்க.

கிருஷ்ணகிரி வாசகி: ஈரல் பாதிப்புன்னதும் மாமியார் குழந்தைக்கு எண்ணெய், நெய் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. மாம்பழமும் சூடுன்னு கொடுக்க விடறதில்ல. சரிதானா?

மாமியார் அக்கறையில பண்றாங்க, ஆனா இந்த நோய்க்கு அது நேர் எதிர். இந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கணையத்துல இருந்து போதுமான என்சைம் வராததால கொழுப்பு செரிக்காம மலத்துல போயிடுது, சேர வேண்டிய எடை சேராது, ஏ, டி, இ, கே வைட்டமினும் கூடவே போயிடும். அதனால நெய்யை நிறுத்தறதுக்கு பதிலா நெய்யோட சேத்து கணைய என்சைம் கேப்சூல் கொடுக்கணும், களிக்கு நெய் ஊத்துங்க, முட்டை, வேர்க்கடலை எல்லாம் கொடுங்க. கேப்சூல் முழுங்க முடியாத குழந்தைன்னா திறந்து உள்ள இருக்கிற குருணையை புளிப்பான பழக்கூழ்ல ஒரு ஸ்பூன் கலந்து கொடுக்கலாம், நம்ம ஊர் மாம்பழக்கூழ் லேசா புளிப்பு இருந்தா அதுக்கு தோதா இருக்கும். பால்லயோ சூடான சாதத்துலயோ கலக்காதீங்க, மென்னு சாப்பிடவும் விடாதீங்க, மேல் பூச்சு வாயிலேயே கரைஞ்சு வாய்ப் புண்ணாகும். கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு சி.எஃப்.ஆலயே சுகர் வரும், அப்படி இருந்தா மட்டும் மாம்பழத்தை அளந்து கொடுங்க.

அரூர் வாசகர்: கீழாநெல்லி அரைச்சு கொடுத்தா ஈரல் சரியாகும்னு பெரியவங்க சொல்றாங்களே?

கெட்டிப்பட்ட பித்தத்தை இளக்கவோ சேனலை திறக்கவோ கீழாநெல்லியால முடியாது. நீங்க கேட்கல, ஆனா நான் சொல்லிடறேன், பிறந்த குழந்தைக்கு ரெண்டு வாரம் தாண்டியும் கண்ணு மஞ்சளா இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனா எந்த பச்சிலையும் அரைச்சிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க. அது சி.எஃப்.ஆவும் இருக்கலாம், பித்தக்குழாயே அமையாத பிலியரி அட்ரீஷியாவாவும் இருக்கலாம், அட்ரீஷியான்னா 60 நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணாத்தான் பலன் அதிகம்.

திரும்ப அதே தர்மபுரி மாணவி, வாட்ஸ்அப்ல: இந்த ஆர்.வி.டி.யை காலேஜ் புராஜெக்டா பண்ணி காட்ட முடியுமா சார்? கோழி ஈரல் வாங்கிட்டு வந்தா ஆகுமா?

ஆகாதும்மா. கடையில இருந்து வர்ற ஈரல்ல பம்ப் நின்னு போயிருக்கும், பொட்டாசியம் சேமிப்பு கரைஞ்சிருக்கும், தண்ணியில போட்டா ஊதும், திரும்ப சுருங்காது, அதை வெச்சு இதான் சி.எஃப்.னு நீ எழுதி வெச்சிடுவ. உயிரோட இருக்கிற செல்லு, 37 டிகிரி, கேமரா பொருத்தின மைக்ராஸ்கோப், இதெல்லாம் இருக்கிற லேப்லதான் ஆகும். உருளைக்கிழங்கு துண்டை சாதா தண்ணியிலயும் உப்புத் தண்ணியிலயும் போட்டு எடை பாக்கலாம், ஆனா அது ஆஸ்மாசிஸ் (உப்பு அதிகமான பக்கம் தண்ணி போறது) வரைக்கும்தான் காட்டும். அதனால சார்ட்டா பண்ணிடு, ஒரே படத்துல மூணு கோடு, சாதா செல்லு ஏறி இறங்கறது, சி.எஃப். செல்லு ஏறி அப்படியே நிக்கறது, சி.எஃப். செல்லுல வாலினோமைசின் சேத்ததும் இறங்கறது. மூணாவது கோட்டுக்கு வேற கலர் அடி, வைவாவுல அதைப் பத்திதான் கேப்பாங்க, குளோரைடு சேனல் கெட்ட நோய்ல பொட்டாசியத்துக்கு வழி பண்ணா ஏன் சரியாச்சுன்னு. மேல எழுதினதை உன் வார்த்தையில சொல்லு, என் பத்தியை அப்படியே ஒப்பிக்காத.